இருபதுக்குக் கீழே

எனக்குப் "போதும்" என்று சொல்ல வராது. சாப்பிட உட்கார்ந்தால் அக்கா மூன்றாவது முறை கரண்டியை நீட்டும்போது தலையை ஒரு மாதிரி ஆட்டுவேன். அது வேண்டும் என்பதா வேண்டாம் என்பதா என்று எனக்கே தெரியாது. அக்கா வேண்டும் என்றே எடுத்துக்கொள்வாள். துணிக்கடைக்காரர் எனக்குப் பிடிக்காத மஞ்சளை மடித்துப் பையில் போட்டால் நன்றி சொல்லி வாங்கி வந்துவிடுவேன். என் அலமாரியில் பாதி மஞ்சளாக இருப்பது அதனால்தான்.

இப்படிப்பட்ட ஒருத்தியிடம், வேண்டாம் என்று சொல்வதையே வேலையாகக் கொடுத்திருந்தார்கள்.

நான் அனல்மின் நிலையத்தில் கெமிஸ்ட். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அனல்மின் நிலையம் என்றால் நிலக்கரி, புகைபோக்கி, சாம்பல். உள்ளே இருப்பவர்களுக்கு அது தண்ணீர். நிலக்கரி எரிந்து தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது, நீராவி போய் டர்பைனைச் சுழற்றுகிறது. அந்த நீராவி சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பது நான். முக்கியமாக சிலிக்கா. மணலில் இருப்பது அதுதான். தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும். சூடும் அழுத்தமும் ஏறினால் நீராவியோடு சேர்ந்து பறந்து, டர்பைன் இறகுகளில் கண்ணாடிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் போகாது. மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். நூறு கோடிப் பங்கு நீரில் இருபது பங்குக்குக் கீழே சிலிக்கா இறங்கினால்தான் டர்பைனை உருட்டலாம், அதாவது சுற்ற விடலாம். இறங்கிவிட்டது என்று கெமிஸ்ட் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் ஆலை ஊர். நூற்பாலைகள், இரும்பு உருக்கும் பட்டறைகள், பம்பு கம்பெனி, அவற்றுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு. எல்லாம் எங்கள் இரண்டு யூனிட்டையும் நம்பித்தான் ஓடுகின்றன. முதல் யூனிட்டைப் பிரித்துப் பழுது பார்க்க நிறுத்தியதிலிருந்து ஊருக்குப் பாதி மின்சாரம். முறை வைத்துக் கொடுத்தார்கள். இரண்டு புகைபோக்கியில் ஒன்று சும்மா நின்றால் ஊரில் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். தெருமுனையில் முடி வெட்டுகிறவர் தினமும் கேட்டார்.

"ஏன் பாப்பா, சரியா பாதித் தலையில கரன்ட் போகுது. மீதித் தலையை உங்க கம்பெனிக்கு அனுப்பி வைக்கவா?"

நான் சிரித்துவிட்டு வேகமாக நடப்பேன்.

வீட்டில் வேறு மாதிரிக் கஷ்டம். நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். அத்தானுக்கு லேத் பட்டறை. எங்கள் தெருவின் முறை ராத்திரி என்பதால் பகலில் அத்தான் வீட்டில் இருந்தார். தூங்க வேண்டும். அவர் தூங்கவில்லை. சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். குட்டையாக இருந்த பாவத்துக்கு உப்பு டப்பா உச்சித் தட்டின் கோடிக்குப் போய்விட்டது. அக்கா முக்காலி போட்டு ஏறி உப்பு எடுத்தாள். பிறகு கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். இப்போது எங்கள் வீட்டில் எந்தக் கதவும் நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை.

யூனிட்டைத் திரும்ப ஓட்ட வேண்டிய நாள் காலையில் அத்தான் வாசலில் நின்றார்.

"விஞ்ஞானி, இன்னைக்கு வந்துடுமா?"

"வந்துடும்னுதான் சொல்றாங்க அத்தான்."

"யாரு சொல்லணும் அதை?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நான்தான்" என்றேன்.

"கெட்டுது போ" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. "இத பாரு, சாயங்காலத்துக்குள்ள கரன்ட் வரலேன்னா இவரைக் கூட்டிட்டுப் போய் உங்க பாய்லர்ல போட்டுடு. நல்லா எரிவாரு."

"ஈரம் ஜாஸ்தி. எரிய மாட்டேன்" என்றார் அத்தான்.

வழக்கமாக இந்த நாட்களில் பெரிய கெமிஸ்ட் இருப்பார். அவருடைய மகளுக்குப் பிரசவம் என்று வெளியூர் போயிருந்தார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "இருபதுக்கு மேல இருந்தா வேண்டாம்னு சொல்லு. திட்டுவாங்க. அடிக்க மாட்டாங்க. இதுவரைக்கும் அடிச்சதில்ல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பாய்லரை முந்தின நாளே எண்ணெய் ஊற்றி மூட்டியிருந்தார்கள். நீராவியை டர்பைனுக்கு விடாமல் கூரை வழியே வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே கேட்கும் சத்தம். பாய்லர் நீரில் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து, அதற்குப் பதில் சுத்தமான நீரை விட்டால் சிலிக்கா இறங்கும். நீராவியைக் குளிரவைத்து மாதிரி பிடித்து வருபவர் பாட்டில் அண்ணன். வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. மாதிரி பாட்டில்களைக் கூடையில் போட்டுக்கொண்டு அலைவதால் வந்த பெயர். பெண் பார்க்கப் போன இடத்தில் இந்தப் பெயரால் ஒரு சம்பந்தமே கலைந்தது என்பார்கள்.

அவருக்கும் எனக்கும் ஓர் ஏற்பாடு. என் ஆய்வகத்துக்குள் கரித்தூள் வரக்கூடாது. அதனால் அவர் வெளியே ஜன்னல் திண்டில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் குவளைகளில் மாதிரியை ஊற்றிவிட்டு, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் போன பிறகு நான் ஜன்னலைத் திறந்து எடுத்துக்கொள்வேன். கரித்தூள் ஒரு காரணம். பேச வேண்டியதில்லை என்பது இன்னொன்று.

காலையில் முதல் மாதிரி தொண்ணூறு. அடுத்தது அறுபது. அதற்கடுத்தது நாற்பத்து நான்கு. நன்றாக இறங்குகிறது என்று சந்தோஷப்பட்டேன். அடுத்ததும் நாற்பத்து நான்கு. பிறகு நாற்பத்தைந்து. பிறகு நாற்பத்து மூன்று.

கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தது. ஷிப்ட் இன்சார்ஜ். அவரை ஸ்பீக்கர் சார் என்பார்கள். நிலையம் முழுக்க ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். அவருக்கு அது தேவையில்லை.

"எவ்வளவும்மா?"

"நாப்பத்தி மூணு சார்."

"போன தடவை சொன்னதையே படிக்கிறியா?"

"இல்ல சார். போன தடவை நாப்பத்தஞ்சு."

"ரெண்டு குறைஞ்சிருக்கு. அப்ப இறங்குதுன்னுதானே அர்த்தம்? உருட்டிடலாம். மீதி போகப் போக இறங்கிடும். எண்ணெய் வீணா எரியுதும்மா. சரின்னு சொல்லு."

அவருக்குப் பின்னால் பத்துப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. வாய் பழக்கத்தில் "சரி" என்று சொல்லக் குவிந்தது. டர்பைன் இறகுகளை நினைத்தேன். பழுது பார்க்கும்போது போய்ப் பார்த்திருந்தேன். பளபளவென்று, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவாக, அவ்வளவு அழகு.

"வேண்டாம் சார்" என்றேன்.

"என்ன? கேக்கல."

"வேண்டாம் சார்."

"இன்னும் கேக்கல. உன் போன்ல கோளாறா?"

"வேண்டாம்!"

என் குரலா அது? ஜன்னலுக்கு வெளியே தூங்கிக்கொண்டிருந்த பூனை எழுந்து போனது.

அடுத்து தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார். மெதுவாகப் பேசினார், அது இன்னும் மோசம். "நூற்பாலைக்காரங்களுக்குச் சாயங்காலம்னு வாக்கு கொடுத்தாச்சும்மா. பாய்லர்ல இவ்வளவு தண்ணி மாத்தியும் இறங்கலேன்னா உன் கணக்குல ஏதோ இருக்கு, பாரு." அவருக்கும் வேண்டாம் என்றேன். போனை வைத்தேன். உள்ளே எங்கேயோ கொஞ்சம் ஜிலுஜிலுவென்று இருந்தது. ஓர் ஊரையே நிறுத்தி வைத்திருக்கிறேன்! மஞ்சள் துணியை வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள்.

ஜிலுஜிலுப்பு அடங்கியதும் யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அழுக்கு நீரை வடித்துச் சுத்த நீரை ஊற்றினால் அளவு இறங்கித்தான் ஆக வேண்டும். நிற்க முடியாது. நிற்கிறது என்றால் புதிதாக எங்கிருந்தோ சிலிக்கா சேர்கிறது. உள்ளே விடும் நீரைச் சோதித்தேன், சுத்தம். கருவியில் கோளாறோ என்று அளவு தெரிந்த கரைசலை வைத்துப் பார்த்தேன். இருபது வைத்தால் இருபது காட்டியது. பாய்லர் சரி, என் மேசை சரி. இரண்டுக்கும் நடுவில் இருப்பது பாட்டில் அண்ணன் மட்டும்தான்.

அடுத்த முறை மணி அடித்ததும் அவர் போகுமுன் கதவைத் திறந்தேன். அவர் பயந்துவிட்டார். இரண்டு வருடத்தில் நான் கதவைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

கூடையில் வரிசையாக ஜாம் பாட்டில்கள்.

"அண்ணே, இது என்ன?"

"பாட்டில்."

"கண்ணாடி பாட்டில்."

"ஆமா. வீட்டுலேருந்து கொண்டாந்தேன். வெந்நீர் விட்டு நல்லாக் கழுவியிருக்கேன். மோந்து பாருங்க, ஜாம் வாசனை வருதா?"

"வரல. நம்ம வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் எல்லாம் எங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க. காலையில முதல் மூணு தடவைக்கு இருந்துச்சு. வெயில் ஏற ஏற ஒண்ணொண்ணாக் காணாமப் போயிடுச்சு. பாய்லர்கிட்ட நிக்கிறவங்களுக்குத் தண்ணித் தாகம். நீங்க வாங்கின பாட்டில்ல மூடி டைட்டு, ஒழுகறதில்ல. எல்லாருக்கும் பிடிச்சுப் போச்சு."

"யாரும் எடுக்கக் கூடாது, பிளாஸ்டிக்கிலதான் பிடிக்கணும்னு எழுதி ஒட்டியிருக்கேனே!"

"எங்க?"

நான் கையைக் காட்டினேன். ஆய்வகத்துக்குள்ளே, கழுவுதொட்டிக்கு மேலே. இரண்டு வருடமாக உள்ளே வரக் கூடாது என்று சொல்லப்பட்டவர் வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்தார்.

"அடடே" என்றார். "எழுத்து முத்து முத்தா இருக்கு."

கண்ணாடி என்பது மணலை உருக்கிச் செய்வது. சூடான சுத்தமான நீரைக் கண்ணாடியில் ஊற்றி வைத்தால் நீர் அதில் கொஞ்சத்தைக் கரைத்துக்கொள்ளும். காலையிலிருந்து நான் அளந்ததில் பாதி ஜாம் பாட்டில். நூற்பாலையும் பம்பு கம்பெனியும் பாதித் தலையோடு யாரோ ஒருவரும் ஜாம் பாட்டிலுக்காகக் காத்திருந்தார்கள்.

இதைப் போய்ச் சொன்னால் இனி என் "வேண்டாம்" எவர் காதிலும் ஏறாது. சொல்லாமல் விட்டால் நல்ல பாட்டில் கிடைக்காது. பாட்டில்கள் எல்லாம் பாய்லர் ஆட்களிடம்தான் இருந்தன.

தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

நிலக்கரி அரைக்கும் மில் பக்கத்தில் ஒருவர் அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். என் பாட்டில்.

"அண்ணே, அந்த பாட்டில் வேணும்."

"தாகமா? குடிம்மா, குடிம்மா. ஜில்லுனு இருக்கு."

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. குடித்தேன். அடுத்தவரிடம் எலுமிச்சைச் சாறு. அதையும் குடித்தேன். மூன்றாவது ஆள் நீட்டியபோது மூடியைத் திறந்துவிட்டேன். நல்லவேளை, நாற்றம் முந்திக்கொண்டது. மெஷின் எண்ணெய். இப்படியே போனால் மாதிரி வருவதற்குள் நான் நிரம்பிவிடுவேன் என்று புரிந்தது. கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன்.

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்பீக்கர் சாரின் மேசையில் ஒரு மணிபிளான்ட் தழைத்துக் கிடந்தது. அதன் வேர்கள் என் பாட்டிலுக்குள் சுருண்டிருந்தன.

"சார், நம்பர் தப்பு" என்றேன். "கண்ணாடி பாட்டில்ல பிடிச்சிருக்காங்க. பாட்டிலே கரைஞ்சு அளவைக் கூட்டியிருக்கு. நான் சொல்லி வச்சிருக்கணும். சொல்லல. சுவத்துல ஒட்டினேன்."

யாரோ "ஜாமா, சாஸா?" என்று கேட்க, அறையே குலுங்கிச் சிரித்தது. ஸ்பீக்கர் சார்தான் அதிகம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்ப சரி! ஆவி எப்பவோ சுத்தமாயிடுச்சு. உருட்டுங்கப்பா!"

"வேண்டாம் சார்."

சிரிப்பு நின்றது.

"ஏம்மா, நீயேதானே இப்ப நம்பர் தப்புன்னு சொன்னே?"

"தப்புன்னுதான் சொன்னேன். இருபதுக்குக் கீழன்னு சொல்லல. எவ்வளவுன்னு இப்ப யாருக்கும் தெரியாது சார். எனக்கும் தெரியாது. தெரியாம உருட்ட வேண்டாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இப்ப என்ன வேணும் உனக்கு?"

"என் பாட்டிலெல்லாம் வேணும்."

அவர் ஒலிபெருக்கியின் மைக்கை என் பக்கம் தள்ளினார். "நீயே கேளு."

நிலையம் முழுக்க என் குரல் போனது. கரி கொண்டுவரும் ரயில் நிற்கும் இடம் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். "கெமிஸ்ட் பேசறேன். வெள்ளை பாட்டில் வச்சிருக்கிறவங்க எல்லாரும் கன்ட்ரோல் ரூமுக்குக் கொண்டு வந்துடுங்க. உள்ளே இருக்கறதை நீங்களே குடிச்சுடுங்க. எனக்குக் கொடுக்க வேண்டாம்."

வந்தன. ஒவ்வொருவராக, திருடிப் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி வந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். ஸ்பீக்கர் சார் மணிபிளான்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருமூச்சு விட்டு அதைப் பாட்டிலோடு தூக்கி நீட்டினார். பாட்டில் அண்ணன் பெருந்தன்மையோடு தன் கூடையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "வெந்நீர்ல கழுவினது சார். செடிக்கு ஒண்ணும் ஆகாது."

தண்ணீர் மட்டும் இருந்த பாட்டில்களைப் பொறுக்கி, சுத்த நீரால் அலசி அலசி, நானே அண்ணனோடு போய் மாதிரி பிடித்தேன். இருபத்தேழு.

போனை எடுத்து நானே கூப்பிட்டேன். "இருபத்தேழு சார். இன்னும் வேண்டாம்."

"இருபத்தேழா?" குரல் சட்டென்று தணிந்தது. அவரிடம் இது புதிது. "அப்ப காலையில உருட்டியிருந்தா மாட்டிட்டிருப்போம்."

"ஆமா சார்."

"சரி, வடிக்கிறதைக் கூட்டறோம். நீ பாரு."

காத்திருக்கும்போது போன் அடித்தது. அவர்தான் என்று பாய்ந்து எடுத்தால் அக்கா.

"உங்க அத்தான் இப்ப பீரோவை நகத்தறாரு. வடக்குச் சுவர்ல வச்சா காத்து வருமாம். எப்படி இருக்கு உன் நிலவரம்?"

"இருபத்தேழுக்கா."

"அது என்னவோ. ஒரு பீரோதான் இருக்கு, அடுத்து என்னை நகத்துவாரு. பாத்துக்கோ."

அடுத்த மாதிரி இருபத்திரண்டு. கன்ட்ரோல் ரூமில் யாரோ கைதட்டியது போனில் கேட்டது. வேண்டாம் என்றேன். யாரும் திட்டவில்லை. அதற்கடுத்ததற்குப் பாட்டில் அண்ணன் மணி அடிக்கவில்லை, கதவிலேயே நின்றார். கருவியில் எண் ஏறி இறங்கி நின்றபோது, வாசலில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் படித்தார்.

"பதினெட்டு!"

"பதினெட்டு" என்று போனில் சொன்னேன். "உருட்டலாம் சார்."

சாயங்காலம் வீட்டுக்கு நடந்தபோது இரண்டு புகைபோக்கியிலும் புகை. பம்பு கம்பெனி வாசலில் மாலை ஷிப்ட் ஆட்கள் கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நூற்பாலைச் சுவருக்குப் பின்னால் அந்தப் பழைய இரைச்சல் திரும்பியிருந்தது. இத்தனை நாள் அது இல்லாததால்தான் ஊர் காலியாகத் தோன்றியிருக்கிறது. முனையில் முடி வெட்டுகிறவர் கத்தரியை உயர்த்திக் காட்டினார்.

"பாப்பா! முழுத் தலை!"

நாற்காலியில் இருந்தவரும் திரும்பி எனக்குக் கும்பிடு போட்டார்.

வீட்டில் அத்தான் இல்லை. மின்சாரம் வந்த நொடியில் சட்டையில் பாதிப் பொத்தானோடு பட்டறைக்கு ஓடிவிட்டாராம். அக்கா சமையலறையில் எல்லா டப்பாக்களையும் கீழே இறக்கித் தன் வழக்கப்படி அடுக்கிக்கொண்டிருந்தாள். உப்பு டப்பா அடுப்புக்குப் பக்கத்தில் பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தது. பீரோ மட்டும் அறை நடுவில் நின்றது.

கை கழுவி உட்கார்ந்தேன். அக்கா பேசிக்கொண்டே பரிமாறினாள். மூன்றாவது கரண்டி வந்தது.

"போதும்" என்றேன்.

கரண்டி அப்படியே நின்றது.

"என்னடி சொன்னே?"

"போதும்கா."

"உடம்புக்கு என்ன? கண்டதையும் குடிச்சியா?"

"குடிச்சேன். ஆனா அதுக்காக இல்ல. போதும், அவ்வளவுதான்."

அக்கா என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கரண்டியைப் பிடித்தபடியே போனை எடுத்து அத்தானைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இவ போதும்னு சொல்றாங்க!"

போனிலிருந்து லேத் இரைச்சல் சமையலறை முழுக்கப் பரவியது. அதற்கு மேலே அத்தான் கத்தினார்.

"என்னது? சத்தமா சொல்லு! கரன்ட் வந்துடுச்சுல்ல, இங்க ஒண்ணும் கேக்கல!"